பழைய பேஸ்மென்ட் மேல புது ப்ரீஃபேப் வீடு: ஆரம்பத்துலேர்ந்து வீடு நிக்கற வரைக்கும் முழு வழிகாட்டி

மேல இருக்கற பழைய வீடு இனிமே ரிப்பேருக்கு லாயக்கில்ல, ஆனா தரைக்கு அடியில இருக்கற பேஸ்மென்ட் ரூம் மட்டும் பாக்க கெட்டியா இருக்கு, அதை வச்சுக்கிட்டு மேல ஃபேக்டரில செஞ்சு வர்ற ப்ரீஃபேப் வீட்டை இறக்கிட்டா குழி தோண்டறது, மண்ணு அள்ளறது, கான்கிரீட் போடறது எல்லாம் மிச்சம்னு நெறைய பேர் யோசிக்கறாங்க. யோசனை தப்பில்ல, நல்லா செஞ்சா ரொம்ப நாள் நிக்கும். ஆனா வரிசை முக்கியம். பெரும்பாலும் என்ன நடக்குதுன்னா கேட்டலாக் பாத்து மாடல் பிடிச்சுப்போய் அட்வான்ஸ் குடுத்துட்டு, அப்புறமா ஒரு இன்ஜினியரை கூட்டிட்டு வந்து "இந்த பேஸ்மென்ட் தாங்குமா"ன்னு கேக்கறாங்க. அது தலைகீழ். பேஸ்மென்ட் எவ்ளோ தாங்கும், எந்த இடத்துல தாங்கும், எவ்ளோ கோணலா இருக்கு, இதெல்லாம் தெரிஞ்சப்புறம் தான் மேல என்ன வீடுன்னே பேச ஆரம்பிக்கணும்.

முதல்ல பர்மிஷன்

இதை சுருக்கமா சொல்லிடறேன், ஆனா தள்ளிப்போடாதீங்க. பழைய வீடு பழைய சட்டப்படி எல்லைக்கு ரொம்ப பக்கத்துல கட்டியிருக்கலாம், நிக்கற வரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதை இடிச்ச நிமிஷமே பல ஊர்கள்ல அந்த பழைய உரிமை போயிடும், புதுசா வர்றது இன்னைக்கு இருக்கற செட்பேக், உயரம், எனர்ஜி விதி எல்லாத்துக்கும் கட்டுப்படணும். அப்போ பேஸ்மென்ட் சுவரு எல்லையிலேர்ந்து விடவேண்டிய தூரத்துக்குள்ள வந்துட்டா மேல அதே அளவுல கட்ட முடியாது. அதனால இடிக்கறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு எழுத்துல பதில் வாங்குங்க. பழைய பிளான், பழைய ஸ்ட்ரக்சுரல் டிராயிங் ரெகார்ட்ல இருந்தா அதையும் அப்பவே காப்பி எடுத்துக்கோங்க, பின்னாடி ரொம்ப உதவும்.

பேஸ்மென்ட்டை நெஜமா சோதிக்கறது

வெறும் கண்ணால பாத்து "கல்லு மாதிரி இருக்கு"ன்னு சொல்றது சோதனை இல்ல. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேணும், அதுவும் ப்ரீஃபேப் கம்பெனி அனுப்பற ஆள் இல்லாம நீங்களா காசு குடுத்து வைக்கற ஆளா இருந்தா நல்லது. அவர் செய்யறது என்னன்னு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும்.

விரிசல்லேர்ந்து ஆரம்பிங்க. எல்லா விரிசலும் ஒண்ணு இல்ல. கான்கிரீட் சுவர்ல மேலேர்ந்து கீழ மெல்லிசா முடி மாதிரி ஓடறது பெரும்பாலும் சுருங்கினதால வந்தது, தண்ணி வராம அடைச்சா போதும். படிக்கட்டு மாதிரி சாய்வா ஏறிப்போற விரிசல்னா அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்குன்னு அர்த்தம், ஏன் இறங்குச்சு, இன்னும் இறங்குதான்னு தெரியணும். சுவரோட நடு உயரத்துல படுக்கையா, நீளமா ஓடற விரிசல் தான் ரொம்ப மோசம், வெளிய இருக்கற மண்ணு சுவரை உள்ள தள்ளிக்கிட்டு இருக்கு, முக்கியமா ஹாலோ பிளாக் சுவர்ல இது வந்தா நான் அந்த சுவரை அப்படியே நம்பி மேல ஒண்ணும் வைக்க மாட்டேன். தூக்குக் குண்டு விட்டு சுவரு நடுவுல எவ்ளோ பிதுங்கியிருக்குன்னு பாருங்க. விரிசல் குறுக்க அளவுகோல் பட்டை ஒட்டி சில மாசம் கவனிச்சா அது நின்னு போன விரிசலா, இன்னும் நகர்றதான்னு தெரிஞ்சிடும், அதுக்கு டைம் வேணும்ங்கறதால தான் சோதனையை சீக்கிரமே ஆரம்பிக்க சொல்றேன்.

அடுத்தது கான்கிரீட்டோட பலம். ஸ்பிரிங் சுத்தியால அடிச்சு பாக்கற ரீபவுண்ட் ஹேமர் டெஸ்ட் மேல்பரப்பு எவ்ளோ கடினம்னு மட்டும் தான் சொல்லும், பழைய கான்கிரீட்ல காத்து பட்டு கார்பனேஷன் ஆன மேல்தோல் கடினமாகி நம்பரை கூட்டிக்காட்டும், அதனால அதை மட்டும் நம்பாதீங்க. சில இடத்துல கோர், அதாவது உருளை மாதிரி ஒரு துண்டு, வெட்டி எடுத்து லேப்ல நசுக்கி பாக்கறது தான் சரியான வழி. கூடவே புதுசா உடைச்ச பரப்புல, காரத்தன்மை இருந்தா கலர் மாறற ஃபீனால்ஃப்தலின் திரவத்தை தெளிச்சு பாப்பாங்க, ரோஸ் கலர் வந்தா அந்த இடத்துல கம்பிக்கு பாதுகாப்பு இன்னும் இருக்கு, கலர் வராம இருந்தா அந்த ஆழம் வரைக்கும் காரத்தன்மை போயிடுச்சு. கலர் வராத ஆழம் கம்பி வரைக்கும் போயிருந்து, கூட ஈரமும் இருந்தா துரு பிடிக்கும்.

கருங்கல்லோ செங்கல்லோ வச்சு சுண்ணாம்புல கட்டின பேஸ்மென்ட்டா இருந்தா கேள்வி வேற. கலவை விரல்ல சுரண்டினாலே உதிருதா, சுவருக்கு அடியில சுமையை பரப்பற அகலமான அடிக்கட்டு, அதாவது ஃபுட்டிங்னு ஒண்ணு இருக்கா இல்ல கல்லு நேரா மண்ணுல நிக்குதா, ஓதம் ஏறாம தடுக்கற லேயர் இருக்கா. இதுக்கு வெளிய ரெண்டு மூணு இடத்துல அஸ்திவாரத்தோட அடி தெரியற வரைக்கும் குழி வெட்டி பாக்கணும், அடிக்கு கீழ மட்டும் தோண்டிடக்கூடாது. அந்தக் குழியிலயே மண்ணு எப்படிப்பட்டது, தண்ணி எந்த ஆழத்துல நிக்குதுன்னும் தெரியும். நிலத்தடி நீர் மட்டத்தை மழைக்காலத்துல பாக்கறது தான் கணக்கு.

கடைசியா விஷ சமாச்சாரம். பழைய பைப்பு மேல சுத்தின இன்சுலேஷன், தரை டைல்ஸ், அதை ஒட்டின கருப்பு பசை இதுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், டெஸ்ட் பண்ணாம உடைக்காதீங்க. பழைய ஆயில் டேங்க் புதைஞ்சிருக்கான்னும் பாருங்க. பேஸ்மென்ட்ல ரேடான் வாயு சேரும், மண்ணுலேர்ந்து தானா வர்ற கதிரியக்க வாயு, வாசனை கிடையாது, நுரையீரல் கேன்சருக்கு காரணம். உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு ஒரு கன மீட்டருக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கற அலகு), அது முடியலன்னா கூட 300ஐ தாண்டக்கூடாது. இப்பவே அளந்து வச்சுக்கோங்க, ஏன்னா புது வீடு பழசை விட காத்துப்புகாத வீடா இருக்கும், அளவு கூடத்தான் செய்யும்.

வெயிட் கம்மின்னா பிரச்சனை இல்லன்னு நெனைக்காதீங்க

இந்த இடத்தை நிதானமா படிங்க, நெறைய பேர் கோட்டை விடறது இங்க தான்.

ப்ரீஃபேப் வெயிட் கம்மிங்கறது உண்மை. ரெண்டு பக்கமும் பூசின 23 செமீ செங்கல் சுவரு ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 450லேர்ந்து 500 கிலோ வரும், மரச்சட்ட பேனல் சுவரு பெரும்பாலும் 100 கிலோக்குள்ள முடிஞ்சிடும். அதனால அஸ்திவாரத்துக்கு சுமை கொறையுது, சந்தோஷம். ஆனா பேஸ்மென்ட் சுவருக்கு மேலேர்ந்து வர்ற சுமை மட்டும் இல்லையே, பக்கத்துலேர்ந்து மண்ணு தள்ளுது. 2 மீட்டர் உயரத்துக்கு மண்ணு சாஞ்சிருந்தா ஒவ்வொரு மீட்டர் நீள சுவரையும் கிட்டத்தட்ட 1.8 டன் உள்ள தள்ளும், அந்த மண்ணு முழுக்க தண்ணில ஊறிட்டா அது 3 டன் பக்கத்துல போயிடும். கம்பி இல்லாத செங்கல், கல்லு, பிளாக் சுவரு இதை எப்படி தாங்குச்சுன்னா, மேல இருந்த கனமான வீடு அழுத்தி பிடிச்சதால, அப்புறம் மேல் ஸ்லாப் சுவரோட தலையை நகர விடாம பிடிச்சதால. கனமான வீட்டை எடுத்துட்டு லேசான வீட்டை வச்சா அந்த அழுத்தம் போயிடுது. ஸ்லாப்பையும் எடுத்தா பிடியும் போயிடுது. இன்ஜினியர் கிட்ட "மேல் சுமையை தாங்குமா"ன்னு மட்டும் கேக்காம "சுமை கொறைஞ்சா இந்த சுவரு மண்ணை தாங்குமா"ன்னும் கேளுங்க.

தண்ணிக்கும் இதே கதை. 8க்கு 10 மீட்டர் பேஸ்மென்ட், மழைக்காலத்துல நிலத்தடி நீர் அதோட அடிமட்டத்துக்கு மேல 1 மீட்டர் ஏறுதுன்னா, 80 டன் விசை அதை மேல தூக்கப் பாக்கும். இதுவரைக்கும் அது மெதக்கலையேன்னா, ஒண்ணு மேல கனமான வீடு இருந்துச்சு, இன்னொண்ணு தண்ணி தரை வழியா உள்ள கசிஞ்சு வந்து அழுத்தத்தை கொறைச்சுக்கிட்டு இருந்துச்சு. நீங்க லேசான வீட்டை வச்சு, தரையையும் சுவரையும் தண்ணி புகாம நல்லா அடைச்சுட்டா ரெண்டு காரணமும் போச்சு, தரை ஸ்லாப் உப்பி வெடிக்கும் இல்லன்னா மொத்தமா அசையும். நீர்மட்டம் உயர்ற இடம்னா இந்த கணக்கு போடாம வாட்டர்ப்ரூஃபிங் கான்ட்ராக்டரை கூப்பிடவே கூடாது.

மூணாவது, சுமை எங்க இறங்குதுங்கறது. சுவரு சுவரா தனித்தனியா வந்து சைட்ல சேக்கற பேனல் வீட்டுல வெளிச்சுவரு கோட்டுல சுமை பரவி இறங்கும். பெட்டி பெட்டியா வர்ற மாட்யூல் வீட்டுல ஒவ்வொண்ணும் 10, 20 டன் இருக்கும், ரெண்டு பெட்டி சேர்ற நடுக்கோட்டுலயும் மூலைகள்லயும் சுமை குவிஞ்சு இறங்கும். அந்தக் கோட்டுக்கு கீழ பழைய பேஸ்மென்ட்ல சுவரே இல்லாம இருக்கலாம். அப்போ கீழ தனி ஃபுட்டிங் போட்டு தூணோ ஸ்டீல் பீமோ வைக்கணும், இல்லன்னா வீட்டோட பிளானை திருப்பணும். பழைய பேஸ்மென்ட்டுக்கு என் ஓட்டு பேனல் வீட்டுக்குத்தான், அளவை இஷ்டத்துக்கு மாத்திக்கலாம், கிரேனும் சின்னது போதும்.

இந்த கணக்கெல்லாம் பாத்தப்புறம் சில சமயம் பதில் "வேண்டாம், மூடிடுங்க"ன்னு வரும். ரெண்டு சுவரு மாத்தணும், தரை புதுசு, மேல் ஸ்லாப் புதுசு, உயரமும் 1.9 மீட்டர் தான் இருக்குன்னா, அதை காப்பாத்தறதுல அர்த்தமில்ல. அந்த முடிவையும் நல்ல முடிவா எடுத்துக்கோங்க.

அளவு எடுக்கறது

ஃபேக்டரில மில்லிமீட்டர் கணக்குல வெட்டறாங்க, பழைய பேஸ்மென்ட்ல 3, 5 செமீ கோணல் சர்வசாதாரணம். பேனல் வீட்டு கம்பெனிங்க பொதுவா மேல்மட்டம் ஒரு சென்டிமீட்டருக்குள்ள, அதை விட இன்னும் டைட்டா கூட கேப்பாங்க. டேப் வச்சு நாலு பக்கம் அளந்து அனுப்பாதீங்க, லேசர் ஸ்கேனோ டோட்டல் ஸ்டேஷன்ங்கற சர்வே கருவியோ வச்சு சர்வே பண்ண சொல்லுங்க. ரெண்டு மூலைவிட்டமும் சமமா இருக்கா, ஒவ்வொரு மூலையும் எவ்ளோ உயரம், சுவரு தடிமன் எங்கெங்க மாறுது, பழைய படிக்கட்டு எங்க இருக்கு, எல்லாம் வரைபடத்துல வரணும். சர்வே முடிஞ்சு வீட்டு அளவை முடிவு பண்ணும்போது சுவரோட வெளி விளிம்பை வச்சு இழுக்காம, கோணலான வடிவத்துக்குள்ள அடங்கற நேரான செவ்வகத்தை வச்சு போடுங்க. பேனல் சுவரு வெளிய எவ்ளோ நீட்டலாம்ங்கறதுக்கு கம்பெனிக்கு ஒரு லிமிட் உண்டு, அதை எழுத்துல வாங்கிக்கோங்க.

அக்ரிமென்ட்ல எல்லைக் கோடு

ப்ரீஃபேப் கம்பெனி "பேஸ்மென்ட் மேல்மட்டத்துக்கு மேல தான் எங்க பொறுப்பு"ன்னு எழுதுவாங்க. அது நியாயம் தான், ஆனா அப்போ கீழ யார் பொறுப்புங்கறதுக்கு பதில் வேணும். பின்னாடி மேல ஒரு சுவர்ல விரிசல் வந்தா அவங்க பேஸ்மென்ட்டை காட்டுவாங்க, பேஸ்மென்ட் ரிப்பேர் பண்ணவர் வீட்டை காட்டுவார். அதனால பேனல் உற்பத்திக்கு போறதுக்கு முன்னாடி இன்ஜினியர், ரிப்பேர் கான்ட்ராக்டர், ப்ரீஃபேப் கம்பெனி மூணு பேரும் சைட்ல நின்னு மேல்மட்டத்தை அளந்து கையெழுத்து போடற மாதிரி ஒரு கட்டத்தை அக்ரிமென்ட்லயே வைங்க. பழைய பேஸ்மென்ட்னா கேரண்டி கிடையாதுன்னு சின்ன எழுத்துல எங்கயாவது இருக்கான்னும் தேடுங்க. பெரிய பேமென்ட் எதுவும் இந்த கையெழுத்துக்கு முன்னாடி போகாம பாத்துக்கோங்க.

இடிக்கறது

சுவருக்கு முட்டு கொடுக்காம மேல் வீட்டை இடிக்க ஆரம்பிக்காதீங்க. மேல சொன்ன காரணம் தான், வீடு போனதும் சுவரை பிடிக்க ஆளில்ல. எங்கெங்க எத்தனை முட்டு, எப்போ எடுக்கலாம் எல்லாம் இன்ஜினியர் டிராயிங்ல குடுக்கணும். இடிக்கற ஆளுங்க கிட்ட கண்டிப்பா சொல்லவேண்டியது, இடிபாட்டை ஸ்லாப் மேல குமிக்கக்கூடாது, மிஷினை ஸ்லாப் மேலயோ சுவரு ஓரமாவோ ஓட்டக்கூடாது, கடைசி சில வரிசையை கையால எடுக்கணும். மெயின் சுவிட்ச், தண்ணி, கேஸ் கனெக்‌ஷன் எல்லாம் முறைப்படி துண்டிச்சிருக்கணும்.

அப்புறம் மழை. கூரை போன பேஸ்மென்ட் ஒரு தொட்டி, ஒரே மழைல ரொம்பிடும், சுத்தி இருக்கற மண்ணும் ஊறி சுவரை தள்ளும். அன்னைக்கே தார்பாய் போட்டு மூடி, மழைத்தண்ணி வெளிய ஓட வாட்டம் குடுத்து, ஒரு பம்பும் ரெடியா வைங்க.

ரிப்பேரும் வாட்டர்ப்ரூஃபிங்கும்

வெளிப்பக்கத்துலேர்ந்து செய்யறது தான் உருப்படியான வழி, வீடு இல்லாத இந்த சமயம் மாதிரி வசதி திரும்ப கிடைக்காது. ஆனா சுத்தி மொத்தமா ஒரேயடியா தோண்டாம பகுதி பகுதியா தோண்டுங்க, அஸ்திவார அடிக்கு கீழ போகவே கூடாது. சுவரை சுத்தம் பண்ணி, ஓட்டை உடைசல் அடைச்சு, சுவரும் ஃபுட்டிங்கும் சேர்ற மூலையை வளைவா பூசி, அது மேல பாலிமர் கலந்த தார் பூச்சு ரெண்டு கோட், அதுக்கு மேல எக்ஸ்.பி.எஸ் (கெட்டியான ஃபோம்) இன்சுலேஷன் போர்டு, அதுக்கும் மேல தண்ணி இறங்கற டிரெயின் ஷீட். கீழ ஃபுட்டிங் ஓரமா ஓட்டை போட்ட பைப், சுத்தி ஜல்லி, அது மண்ணால அடைபடாம ஜியோ துணி. திரும்ப மூடும்போது இடிச்ச வீட்டு செங்கல், ரப்பிஷ் போட்டு ரொப்பிடாதீங்க, தண்ணி வடியற ஜல்லி, மணல் தான் போடணும். இன்னொரு விஷயம், மேல புது ஸ்லாப்போ முட்டோ சுவரோட தலையை பிடிக்கறதுக்கு முன்னாடி மண்ணை ரொப்பி அழுத்தாதீங்க.

கல்லு சுவருக்கு உள்பக்கம் கெட்டியா சிமெண்ட் பூசினா ஓதம் நிக்கும்னு நெனைக்கறாங்க, ஆவியா போக வழியில்லாம அது இன்னும் மேல ஏறும், ஏறிப்போய் நிக்கறது உங்க புது வீட்டோட மரச்சட்டத்துல. அதனால சுவரு தலையில படுக்கையா ஓதம் தடுக்கற ஷீட் ஒண்ணு கட்டாயம், பழைய சுவரும் புது மரமும் நேரா தொடவே கூடாது.

மேல்மட்டம்: ரிங் பீம், ஸ்லாப்

பழைய சுவரோட தலை உதிர்ந்து, மேடும் பள்ளமுமா இருக்கும். கெட்ட வரிசையை எடுத்துட்டு, சுவரு மேல சுத்தி ஒரே தொடர்ச்சியா ஆர்.சி.சி ரிங் பீம் போடறது தான் என் பார்வைல இந்த வேலையிலயே ரொம்ப பிரயோஜனமான செலவு. சுமையை பரப்பும், சுவரை எல்லாம் ஒண்ணா கட்டும், மட்டத்தை சரிபண்ணும், நங்கூர போல்ட்டுக்கு பிடிமானம் குடுக்கும், உயரம் பத்தலன்னா கொஞ்சம் ஏத்திக்கவும் செய்யலாம். பழைய ஸ்லாப் பலமில்லன்னா ரிங் பீமோட சேத்தே புது ஸ்லாப்பும் போட்டுடுங்க.

மரச்சட்டம் வெளித்தரையிலேர்ந்து குறைஞ்சது 15 செமீ உயரத்துல இருக்கணும், 30 இருந்தா நிம்மதி, மழைத்துளி தெறிச்சு அடிக்கற உயரம் அது. கரையான் இருக்கற இடம்னா அந்த இடைவெளி கண்ணுக்கு தெரியற மாதிரி திறந்தே இருக்கணும்.

பைப்பு, வயர்

ப்ரீஃபேப் வீட்டுல கழிவு பைப் எங்க இறங்கும்னு ஃபேக்டரிலயே முடிவாயிடும், அதனால ஸ்லாப்ல ஓட்டை விடற டிராயிங்கை முன்கூட்டியே வாங்கி கான்கிரீட் போடும்போதே ஸ்லீவ் (பைப் நுழையற குழாய் உறை) போட்டு வைங்க, அப்புறம் கோர் வெட்டறது கம்பியை வெட்டறதுல முடியும். கழிவு பைப்புக்கு 100க்கு 1லேர்ந்து 50க்கு 1 வாட்டம் வேணும், பழைய கனெக்‌ஷன் உயரத்துக்கு அது ஒத்து வருதான்னு பாருங்க, பேஸ்மென்ட்ல டாய்லெட் இருந்தா தண்ணி திரும்பி வராம தடுக்கற வால்வும் வேணும். பழைய கழிவுக்குழாய்க்குள்ள ஒரு தடவை கேமரா விட்டு பாத்துடுங்க. எர்த்திங்கை புதுசா போடுங்க, பழைய வீட்டுல இரும்பு தண்ணி பைப்பை எர்த்தா நம்பியிருந்தா, பிளாஸ்டிக் பைப் போட்டதும் அது செத்துடும்.

வீடு இறங்கற நாள்

கிரேன் கால் ஊன்றது பேஸ்மென்ட் சுவரு பக்கத்துல இருக்கக்கூடாது, பேஸ்மென்ட் எவ்ளோ ஆழமோ குறைஞ்சது அவ்ளோ தூரம் தள்ளி, கீழ பலகை போட்டு நிக்கணும். புதுசா ரொப்பின மண்ணு மேல நிக்கவே கூடாது. லாரி வர்ற வழி, மேல போற கரண்ட் கம்பி, காத்து வேகம் இதெல்லாம் கம்பெனியோட சேந்து முன்னாடியே நடந்து பாத்துடுங்க. அடிச்சட்டத்தை முதல்ல வச்சு, மட்டம் பாத்து, தகடு குடுத்து தூக்கி, அடியில சுருங்காத கிரவுட் (இடைவெளியை அடைக்கற சிமெண்ட் கலவை) முழுசா ரொப்பணும். வெறும் தகடு மேலயே சட்டம் நின்னா சுமை நாலஞ்சு புள்ளில குவியும். லேசான வீடுங்கறதால காத்து தூக்கும், அதனால நங்கூரம் அலங்காரம் இல்ல. எத்தனை, எந்த சைஸ், எவ்ளோ ஆழம்னு கணக்குப்படி போட்டு, மூடறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் போட்டோ எடுங்க.

மூடினப்புறம்

பேஸ்மென்ட் சூடாக்கற இடமா இல்லையான்னு முடிவு பண்ணி, இன்சுலேஷன் கோடு எங்கன்னு ஒண்ணு தேர்ந்தெடுங்க. ஸ்டோர் ரூம் தான்னா பேஸ்மென்ட் சீலிங்ல போட்டு, கீழ போற கதவை காத்து புகாம பண்ணுங்க. சுவரு ஈரமா இருக்கறப்போ உள்பக்கம் இன்சுலேஷன், ஜிப்சம் போர்டு எதுவும் அடிக்காதீங்க, பின்னாடி பூஞ்சை தான் வளரும். புழுக்கமான நாள்ல ஜன்னலை தொறந்து வச்சா காயும்னு நெனைப்போம், அந்த ஈரக்காத்து குளிர்ந்த சுவர்ல பட்டு தண்ணியா தான் படியும், வெளிக்காத்து வறண்டு இருக்கற நேரம் பாத்து தொறங்க, இல்லன்னா டீஹ்யூமிடிஃபையர் போடுங்க.

முதல் வருஷம் ஈரமானி வச்சு அடிச்சட்டத்தை அப்பப்போ அளந்து பாருங்க, மரத்துல ஈரம் 20 சதவீதத்தை தாண்டியே நின்னா எங்கயோ தண்ணி ஏறுது, தேடணும். ரேடான் டிடெக்டரை ஜன்னல் மூடியே இருக்கற குளிர் மாசத்துல ஒரு தடவை திரும்ப வைங்க. அளவு அதிகமா வந்தா தரைக்கு அடியிலேர்ந்து ஃபேன் வச்சு காத்தை உறிஞ்சி கூரைக்கு மேல விடற பைப் போடணும். அந்த பைப்புக்கான ஓட்டையை தரை வேலை நடக்கும்போதே விட்டு வச்சிருந்தா அப்போ எதையும் உடைக்க வேண்டியிருக்காது.